கேட்காதீர்கள் என்று சொல்லி ஏலம் விட்டவர்

ஆரப்பாளையம் பேருந்து நிலையத்துக்கு எதிரே லாட்ஜ் மாடியில் இருக்கும் என் அலுவலகத்தில், காலைக் காபியைக் கையில் எடுத்த நேரத்தில்தான் யூசுப் பாய் அழைத்தார். கோச்சடையில் செயற்கைக் கால் செய்து கொடுப்பவர். எப்போதும் வீட்டில் ஒவ்வொருவரையும் நலம் விசாரித்த பிறகே விஷயத்துக்கு வருகிறவர், அன்று எடுத்ததுமே, "தம்பி, நம்ம அக்கா மவுத்தாயிட்டாக. நெஞ்சு வலின்னாகளாம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுக்குள்ள முடிஞ்சிருச்சு," என்றார். எந்த அக்கா என்று நான் கேட்கவில்லை. எங்கள் இருவருக்கும் பொதுவாக ஒரே ஓர் அக்காதான். முந்தின நாள்கூட ஒரு வாடிக்கையாளருக்காக என்னோடு போனில் மல்லுக்கு நின்றவர், இப்படிச் சொல்லாமல் கொள்ளாமல் போகலாமா என்று எனக்கு முதலில் வந்தது கோபம்தான். அழுகை பிறகுதான் வந்தது.

திருமதி சுலோச்சனா அவர்களை அறியாதவர்களுக்காகச் சில வார்த்தைகள். சௌராஷ்டிரக் குடும்பம். சிம்மக்கல்லில் ஒரு மொத்தக் கடையின் மாடியில் முதலில் எஸ்.டி.டி. பூத் வைத்திருந்தார். அது பிரவுசிங் சென்டராக மாறியது. பிறகு டொமைன் விற்பனை. டொமைன் என்றால் வேறொன்றுமில்லை, இணையத்தில் ஒரு கடைக்கோ கம்பெனிக்கோ இருக்கும் முகவரிப் பெயர். குறித்த காலத்தில் புதுப்பிக்க வேண்டும். மறந்தால் அந்தப் பெயரை ஊரில் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். மதுரையில் இந்தத் தொழிலை ஆரம்பித்த முதல் ஆள் நான் என்று வெகுநாள் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அக்காவைச் சந்தித்த அன்றோடு அதை விட்டுவிட்டேன்.

சந்திப்பு சண்டையில்தான் தொடங்கியது. என் வாடிக்கையாளர் ஒருவரை அவர் கொத்திக்கொண்டு போய்விட்டார். நேரே மாடியேறிப் போய்க் கத்தினேன். அவர் வீட்டுக்காரரோடு போனில் சௌராஷ்டிர மொழியில் ஏதோ பேசிக்கொண்டிருந்தார். என்னைப் பற்றித்தான் பேசினார் என்று இன்றுவரை நம்புகிறேன். போனை வைத்துவிட்டு, "கஸ்டமர்னா ரேஷன் கார்டுல பேரு சேத்த ஆளா தம்பி? இன்னைக்கு எங்கிட்ட வந்தாரு. நாளைக்கு உங்ககிட்ட வருவாரு. உக்காருங்க, கலர் குடிக்கிறீகளா?" என்றார். குடித்துவிட்டுத்தான் வந்தேன். அதன் பிறகும் என் ஆட்களை அவர் இழுத்தார், அவர் ஆட்களை நான் இழுத்தேன். ஒருவர் சர்வர் படுத்துவிட்டால் மற்றவர் தூக்கி நிறுத்துவதும் நடந்தது.

யூசுப் பாய்க்கு இணையத்தில் பெயர் வாங்கிக் கொடுத்தது அக்காதான். பாயிடம் கால் வாங்குகிறவர்கள் ராமநாதபுரம், சிவகங்கை, தேனி என்று எங்கெங்கோ இருந்து வருகிறவர்கள். வார் தேய்ந்தால், உடம்பு இளைத்தால், அளவு சரி செய்ய மறுபடி அவரிடம்தான் வர வேண்டும். சாலையை அகலப்படுத்தியதில் பாயின் பட்டறை இடம் மாறியது. போன் நம்பரும் மாறியது. பழைய ஆட்கள் தேடி அலைந்தார்கள். அப்போது அக்கா ஒரு யோசனை சொன்னார்: "கடை மாறும், நம்பர் மாறும். இந்தப் பேரு மாறாது பாய். நான் சொல்றேன். காலிலேயே அச்சுக் குத்திருங்க." அன்றிலிருந்து பாய் செய்த ஒவ்வொரு காலிலும் கெண்டைக்கால் பக்கம் அந்த இணையப் பெயர் குத்தப்பட்டது.

இந்தக் காலத்தில்தான் பெங்களூரில் எங்கள் தொழில்காரர்களின் ஆண்டு மாநாட்டுக்கு இருவரும் போனோம். நட்சத்திர ஓட்டல், கழுத்தில் அட்டை, கையில் தட்டோடு நின்றுகொண்டே சாப்பாடு. கடைசிக் கூட்டத்தில் அக்கா எழுந்து மைக்கை வாங்கினார். "நின்னுக்கிட்டே சாப்பிடுறதுக்கா இம்புட்டுத் தூரம் வந்தோம்? அடுத்த வருசம் எங்க மதுரைக்கு வாங்க. உக்காந்து சாப்பிடலாம்," என்று சொல்லி, அதையே ஆங்கிலத்திலும் சொன்னார். எல்லோரும் சிரித்துக் கை தட்டினார்கள். வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று நானும் நினைத்தேன். ஊர் திரும்பிய வாரமே கோச்சடையில் ஒரு கல்யாண மண்டபத்துக்கு முன்பணம் கட்டிவிட்டார்.

மாநாட்டுக்குச் சில வாரங்கள் இருக்கும்போது பாயின் பெயர் பறிபோனது. பாயின் தம்பி மகன், விலை குறைவு என்று அந்தப் பெயரை அக்காவிடமிருந்து ஏதோ ஒரு வெளிநாட்டுக் கம்பெனிக்கு மாற்றிவிட்டு துபாய்க்குப் போய்விட்டார். புதுப்பிக்கச் சொல்லி வந்த மின்னஞ்சல்கள் அவருக்கே போயின. அவர் திறந்தே பார்க்கவில்லை. காலாவதியான பெயர்களை மொத்தமாக வளைத்துப் போட்டு விற்கும் வடக்கத்தி வியாபாரி ஒருவர் அதை எடுத்துக்கொண்டார். அக்கா அவரிடம் போனில் கெஞ்சிப் பார்த்தார். "ஏலத்தில் வந்து கேளுங்கள் மேடம்," என்று மரியாதையாகச் சொல்லிவிட்டார். எந்த ஏலம்? எங்கள் மதுரை மாநாட்டில் நடக்கவிருந்த டொமைன் பெயர் ஏலம்தான்.

"உங்க தப்பு ஒண்ணுமில்லையேக்கா. வேற பேரு வாங்கிக் குடுத்துருங்க," என்றேன் நான்.

"வேற பேரா? அம்புட்டுப் பேரு கால்லயும் போய் அழிச்சு எழுதவா முடியும்? மாறாதுன்னு சொன்னது நான் தம்பி," என்றார். அந்த வாரம் முழுக்க அவர் யாரோடும் சண்டை போடவில்லை. அதைப் பார்க்கத்தான் எனக்குப் பயமாக இருந்தது.

மாநாட்டு நாள் வந்தது. வாசலில் வாழை மரம், பன்னீர், சந்தனம், நாகஸ்வரம். மண்டப மேலாளருக்கு வாசல் பலகையில் எழுத மணமக்கள் பெயர் வேண்டுமாம். "பொண்ணு பேரு டொமைன், மாப்ள பேரு சர்வர்னு போடுங்க," என்று அக்கா சொல்ல, அவரும் பூ ஜோடித்து அப்படியே எழுதி வைத்துவிட்டார். ஹைதராபாத்காரர்கள் அதன் கீழ் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். மதியம் பந்தியில் எல்லோரையும் உட்கார வைத்து, இலையில் பாயசம் ஓடாமல் பிடிப்பது எப்படி என்று ஒரு வெள்ளைக்காரருக்கு அக்காவே பக்கத்தில் நின்று காட்டிக் கொடுத்தார். சாப்பாடு முடிந்ததும் என் உரை. ஒரு மண்டபமே தூங்கியது. அந்த நேரத்தை எனக்கு ஒதுக்கியவர் அக்காதான் என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

ஏலம் விட பெங்களூரிலிருந்து ஒருவரை வரவழைத்திருந்தார்கள். அவர் முந்தின நாள் மாலை டவுனுக்குள் போய்ப் பரோட்டாவும் சால்னாவும் ஆசைக்கு அளவில்லாமல் சாப்பிட்டுவிட்டு, லாட்ஜ் அறையை விட்டு வெளியே வர முடியாத நிலையில் கிடந்தார். ஏற்பாட்டாளர் என்ற முறையில் அக்கா மைக்கைப் பிடிக்க வேண்டியதாயிற்று. ஏலம் விடுகிறவர் தானே கேட்கக் கூடாது. மேடை ஏறுமுன் என் கையைப் பிடித்தார். "தம்பி, பாய் பேரை நீங்க கேளுங்க. விட்றாதீக," என்றார்.

அவர் ஏலம் விட்ட அழகை என்னவென்று சொல்ல! "ஏலம்னா பொருளைக் காட்டணும். காத்தைக் காட்டி எப்படி ஏலம் விடுறது?" என்று ஆரம்பத்திலேயே ஒரு விதி போட்டார். பெயரை விற்கிறவர் எழுந்து நின்று அதன் பெருமையைச் சொல்ல வேண்டும். பாயின் பெயர் வந்தபோது வடக்கத்தி வியாபாரி எழுந்தார். பெயரை மட்டும் படித்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். "பரவாயில்ல சார், பொருள் இங்கேயே இருக்கு," என்றார் அக்கா. பின்வரிசையிலிருந்து பாய் எழுந்து வந்து, பழுது பார்க்க வந்திருந்த ஒரு காலை மேடை மேசைமேல் வைத்தார். அதில் குத்தியிருந்த பெயரை அக்கா படித்துக் காட்டினார். அது எதற்காக அங்கே குத்தப்பட்டது என்பதை ஏற்ற இறக்கமில்லாமல் சொல்லிவிட்டு, "கேக்குறவங்க கேக்கலாம்," என்றார்.

நான் கை தூக்கினேன். உடனே கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் அதற்கு மேல் கேட்டார். எனக்கு ரத்தம் கொதித்தது. நான் ஏற்றினேன். சென்னையிலிருந்து ஒரு குரல். பிறகு ஹைதராபாத். பாயசம் பிடித்த வெள்ளைக்காரரும் கை தூக்கிவிட்டார். இத்தனை கல் நெஞ்சுக்காரர்களா என்று திரும்பிப் பார்த்தால், கோயம்புத்தூர்க்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். விஷயம் எனக்கு முன்னால் அக்காவுக்குப் புரிந்துவிட்டது. ஒவ்வொருவரும் தானே வாங்கி பாய் கையில் கொடுக்க வேண்டும் என்றுதான் போட்டி போட்டிருக்கிறார்கள். விலை ஏற ஏற வியாபாரி மட்டும் நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

"யோவ், நிறுத்துங்கய்யா!" என்று அக்கா போட்ட சத்தத்தில் மைக் கீச்சிட்டது. "எல்லாரும் ஒரே ஆளுக்குத்தான்யா கேக்குறீக! கையைக் கீழ போடுங்க! இனி ஒருத்தரும் கேக்காதீக!" தமிழ் தெரியாதவர்களுக்காக ஆங்கிலத்திலும் ஒரு முறை அதட்டினார். மண்டபம் ஒரு நொடி விழித்தது. பிறகு கைகள் இறங்கின. வியாபாரி துள்ளி எழுந்து, ஏலம் விடுகிறவரே கேட்காதே என்று சொல்லலாமா, இது என்ன நியாயம் என்றார். "யார் வாயையும் நான் கட்டலை சார். கேக்கணும்னா இப்பவும் கேக்கலாம்," என்று சொல்லிவிட்டு அக்கா நிதானமாகக் காத்திருந்தார். யாரும் கேட்கவில்லை. "ஒரு தரம். ரெண்டு தரம். மூணு தரம்!" என்று அவர் மேசையில் தட்டியதும், பழக்க தோஷத்தில் தவில்காரர் கெட்டிமேளம் கொட்டிவிட்டார்.

கடைசியாகக் கேட்ட விலையில் வியாபாரி ஒரு பைசா குறைக்கவில்லை. கை தூக்கிய அத்தனை பேரும் பங்கு போட்டுக் கொடுத்தோம். மாலைக்குள் பெயரைப் பாய்க்கு முறையாக மாற்றிக் கொடுத்துவிட்டு, இரவுப் பந்தியில் உட்கார்ந்து இரண்டாம் முறை பாயசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார் மனிதர். மேடைக்குப் பின்னால் மணமகள் அறையில் அக்கா தனியாக உட்கார்ந்து அழுதுகொண்டிருந்ததை நான் பார்த்தேன். என்னைக் கண்டதும், "உங்க பேச்சை நினைச்சேன், கண்ணீர் வந்துருச்சு," என்றார். மறுநாளே என் வாடிக்கையாளர் ஒருவரை இழுத்துக்கொண்டார். எனக்கு வந்த நிம்மதியைச் சொல்லி முடியாது.

அக்காவின் வீடு மஹால் பக்கத்தில் ஒரு குறுகிய சந்தில். வண்டி உள்ளே வராது. கடைசிப் பயணத்தில் அவரைத் தெரு முனைவரை தோளில்தான் கொண்டு போக வேண்டும். பாய் தன்னோடு ஒருவரை அழைத்து வந்திருந்தார். பரமக்குடிப் பக்கத்து லாரி டிரைவர், பெயர் வேலுச்சாமி. கால் பழுதாகி, பாய் எங்கே இருக்கிறார் என்று தெரியாமல், ஊரில் ஒரு பிரவுசிங் சென்டருக்குப் போய்க் காலைக் கழற்றி மேசைமேல் வைத்து, "இதுல இருக்குறத அடிங்க," என்று சொல்லியிருக்கிறார். அப்படித்தான் வந்து சேர்ந்தாராம். அக்காவை அவர் ஒருநாளும் பார்த்ததில்லை. பாய் சொல்லிக் கேட்டதோடு சரி.

"நானும் ஒரு தோள் குடுக்கலாமாண்ணே?" என்று கேட்டார். மழை பெய்து கல் பெயர்ந்து கிடந்த சந்து. உறவினர்கள் அவர் காலைப் பார்த்துத் தயங்கினார்கள். அக்காவின் கணவர்தான், "வாங்கய்யா, பிடிங்க," என்று தன் இடத்தைக் கொடுத்தார்.

நான் அவருக்குப் பின்னால் நடந்தேன். மடித்துக் கட்டிய கைலிக்குக் கீழே, கெண்டைக்காலில் அந்தப் பெயர் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. பள்ளம் வந்த இடத்தில் எனக்குத்தான் கால் இடறியது, அவருக்கு இல்லை. தெரு முனைவரை அடி பிசகாமல் கொண்டுபோய்ச் சேர்த்தார். பக்கத்தில் வந்த பாய், அழுதுகொண்டே, "வார் மாத்தினது நல்லாப் பிடிச்சிருக்கு தம்பி," என்றார்.

போய் வாருங்கள் அக்கா. நீங்கள் மாறாது என்று சொன்னது மாறவில்லை.