எதுவும் தங்காத கடை

கல்லூரிக்கு எதிர் வரிசையில், மருந்துக் கடைக்கும் முடிதிருத்தும் கடைக்கும் நடுவில் ஒடுங்கியிருக்கிறது அந்த ஜெராக்ஸ் கடை. அதை நடத்துகிற அக்காவுக்கு வீட்டில் வைத்த பெயர் என்னவென்று தெருவில் யாருக்கும் தெரியாது. டெலீட் அக்கா என்றால் தபால்காரர்கூடச் சரியாக வந்து நிற்பார்.

பெயர் சும்மா வரவில்லை. பிரிண்ட் எடுத்து முடித்ததும் அக்கா திரையை வாடிக்கையாளர் பக்கம் திருப்புவார். அவர் கண்ணெதிரே ஃபைலை அழிப்பார். பிறகு திரையிலிருக்கும் குப்பைத்தொட்டியையும் திறந்து காலி செய்வார்.

"பாத்துக்கிட்டீங்களா? போயிடுச்சு."

"பாக்கலக்கா, நம்பறேன். பஸ் வந்துடும்."

"நம்பாதீங்க, பாருங்க."

பார்த்துத் தலையாட்டினால்தான் காகிதம் கைக்கு வரும். யாராவது பாஸ்வேர்டைத் தட்டினால் அக்கா கழுத்து சுளுக்கும் அளவுக்குச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வார். சத்தமாகச் சொல்லிக்கொண்டே தட்டுகிற ஆட்களும் உண்டு. அவர்களுக்காக மெஷினை வெறுமனே ஓடவிட்டு இரைச்சல் கிளப்புவார். முன்னொரு காலத்தில் வேறொரு கடையில் தங்கிப்போன அவருடைய சான்றிதழ் நகலை வைத்து எவனோ அவர் பெயரில் போன் இணைப்பு வாங்கிவிட, மூன்று முறை காவல் நிலையத்துக்கு நடந்தவர். சூடு பட்ட கை.

கடை கம்ப்யூட்டரில் இருக்கிற மென்பொருள் எல்லாமே கொழுந்தனின் உபயம். அவன் கல்லூரி கம்ப்யூட்டர் லேபில் வேலை பார்க்கிறான். ஓப்பன் சோர்ஸ் என்று பேச ஆரம்பித்தால் சாப்பாடு ஆறிவிடும்.

"சும்மா குடுக்கிறாங்கன்னா உள்ள ஏதாவது இருக்கும் தம்பி."

"இல்லண்ணி. எழுதின புரோகிராம் கோடு எல்லாத்தையும் திறந்து வெச்சிருக்காங்க. யார் வேணும்னாலும் படிச்சுப் பாக்கலாம்."

"நீ படிச்சியா?"

"நான் படிக்கல. படிக்கிறவங்க படிப்பாங்க."

"அவங்க உன்ன மாதிரியே நினைச்சிட்டிருந்தா?"

கொழுந்தன் அன்றைக்கு மோர் மட்டும் குடித்துவிட்டு எழுந்தான். ஆனாலும் வைரஸ் வந்து வாரம் ஒருமுறை கடையைப் பூட்டுகிற தொல்லை ஒழிந்ததால் அக்கா அந்த மென்பொருளோடு சமாதானமாகிவிட்டார்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு ஓர் ஆய்வு மாணவி வந்து நின்றாள். தவளைகளின் சத்தத்தைப் பற்றி ஐந்து வருடம் ஆராய்ந்தவள். முந்தைய நாள் ஆய்வேட்டை பிரிண்ட் எடுக்க வந்தபோது நாற்பதாம் பக்கத்தில் டோனர் தீர்ந்துபோனது. நாளை வா என்று சொல்லி, வழக்கம்போல ஃபைலை அழித்து, திரையைக் காட்டித்தான் அனுப்பினார் அக்கா.

மாணவி கையை நீட்டினாள். உள்ளங்கையில் ஒரு பென்டிரைவ். அதிலிருந்து சோப்பு வாசனை வந்தது.

"ஜீன்ஸ் பாக்கெட்ல இருந்துச்சுக்கா. வாஷிங் மெஷின்ல போட்டுட்டேன். ஆய்வேட்டைக் குடுக்க இன்னைக்குச் சாயங்காலம் அஞ்சு மணிதான் கடைசி நேரம்."

"லேப்டாப்ல இருக்குமே?"

"அது போன மாசமே திருடு போயிடுச்சு."

"ஆன்லைன்ல ஒரு காப்பி போட்டு வைக்கலையா?"

"நீங்கதானக்கா சொன்னீங்க. முகம் தெரியாதவன் வீட்டு அலமாரியில உன் துணிய வெப்பியான்னு கேட்டீங்க. அதான் எல்லாத்தையும் எடுத்துட்டேன்."

அக்கா முதல்முறையாகத் தன் நாற்காலியில் சரியாக உட்காரத் தெரியாமல் உட்கார்ந்தார். பிறகு கொழுந்தனுக்குப் போன் போட்டார்.

அவன் வந்ததும் முதலில் கம்ப்யூட்டரை அணைத்தான். "இனி இதுல எதையும் சேவ் பண்ணாதீங்க. தேடி எடுத்துடலாம்."

"எங்க தேடுவ? நான்தான் தொட்டியையே காலி பண்ணிட்டேனே."

"அண்ணி, காலி பண்ணினா பட்டியல்ல இருக்கிற பேரு மட்டும்தான் போகும். சரக்கு அப்படியே டிஸ்க்ல கிடக்கும், மேல வேற ஏதாவது எழுதற வரைக்கும்."

"எல்லாமா?"

"நாலு வருஷத்துல எதுமேல எது எழுதியிருக்கோ, அது போக மிச்சம்."

அக்கா மாணவியைப் பார்த்தார். வரிசையில் நின்ற நான்கு பேரையும் பார்த்தார். நான்கு வருடம் திரையைத் திருப்பித் திருப்பிக் காட்டிய கை மடியில் கிடந்தது.

கொழுந்தன் கொண்டுவந்த இலவச மென்பொருள் ஒரு மணி நேரத்தில் பதினோராயிரம் ஃபைல்களை வேறொரு டிஸ்க்கில் கொட்டியது. ஒன்றுக்கும் பெயர் இல்லை, வெறும் எண்கள். திறந்து பார்த்தால்தான் தெரியும். எழுத்து ஃபைல்களை மட்டும் பிரித்தும் அறுநூறு மிஞ்சியது.

"நீ பாக்கக் கூடாது," என்றார் கொழுந்தனிடம். "நீயும்தான்மா. எல்லாரும் சுவர்ப்பக்கம் திரும்புங்க."

திரும்பினார்கள். அக்கா ஒவ்வொன்றாகத் திறந்தார். பார்க்கவே கூடாது என்று நினைத்ததையெல்லாம் பார்த்தார். மளிகைக்கடைக்காரரின் கல்யாண ஜாதகக் குறிப்பு மூன்று முறை திருத்தப்பட்டிருந்தது. ஒவ்வொரு திருத்தத்திலும் அவருக்கு வயது இரண்டு குறைந்தது. அடுக்ககச் செயலாளருக்கு எதிராக மொட்டைக் கடிதம் வரும் என்று கேள்விப்பட்டிருக்கிறார். செயலாளரைப் புகழ்ந்து மொட்டைக் கடிதம் எழுதியவர் செயலாளரே என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. வங்கி எழுத்தரின் ராஜினாமாக் கடிதம் பதினோரு தடவை வந்தது. அவர் இன்றும் அதே கவுண்டரில்தான் இருக்கிறார்.

இரண்டரை மணிக்கு முதல் தவளை வந்தது. நான்கே முக்காலுக்கு மாணவி பைண்டிங் போட்ட ஆய்வேட்டை மார்போடு அணைத்துக்கொண்டு சாலையைக் கடந்தாள். ஐந்து மணிக்கு இரண்டு நிமிடம் இருக்கையில் "வாங்கிட்டாங்க" என்று போன் வந்தது.

அக்கா எழுந்து வாசலுக்கு வந்தார். நின்றவர்களிடம் நடந்ததை ஒளிக்காமல் சொன்னார். "இத்தன நாளும் நான் அழிச்சேன்னு காட்டினது எதுவும் அழியல. தெரியாம பண்ணிட்டேன். மன்னிச்சிடுங்க. இனி என் கடைக்கு வர்றதும் வராததும் உங்க இஷ்டம்."

செய்தி தெருவுக்குள் பரவியது. மறுநாள் ஷட்டரைத் தூக்கும் முன்பே பதினைந்து பேர் நின்றார்கள். அக்கா திட்டு வாங்கத் தயாரானார்.

"என் பொண்ணு பிறந்தநாள் போட்டோ ஒண்ணு காணோம், இருக்கான்னு பாருங்களேன்," என்றார் முதல் ஆள். அடுத்தவருக்குப் பழைய வாடகை ஒப்பந்தம் வேண்டும். எல்லார் கையிலும் வேண்டியதை எழுதிய சீட்டு இருந்தது. ஒருவருக்கும் கோபமில்லை. அதுதான் அக்காவுக்குக் கோபத்தை வரவழைத்தது.

உள்ளே போய், மீட்ட டிஸ்க்கையும் கடை டிஸ்க்கையும் கொழுந்தன் சொல்லித்தந்த கட்டளையால் ஓரம் முதல் ஓரம் வரை மேலெழுதவிட்டார். திரையில் சதவீதம் ஏறியது.

மளிகைக்கடைக்காரர் தலையை நீட்டினார். "முப்பத்தெட்டு சதவீதம்தான் ஆகியிருக்கு. என்னோடது எங்க இருக்கும்? நிறுத்தினா எடுத்துடலாமா?"

"எதுக்கு?"

"பொண்ணு வீட்டுல எந்த வயசு சொன்னோம்னு மறந்துபோச்சுக்கா."

அக்கா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். "இருபத்தொம்பது," என்றார்.