ஸ்கேனர் கண்ணாடியில் பிச்சிப்பூ

வடசேரி பேருந்து நிலையத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் ஒரு சின்ன அச்சகத்தில் நான் அப்போது வேலை பார்த்தேன். கல்யாண அழைப்பிதழ், சபைக் கன்வென்ஷன் நோட்டீஸ், கோவில் கொடைவிழா போஸ்டர், கண்ணீர் அஞ்சலி என்று எல்லாவற்றையும் கணினியில் வடிவமைப்பது என் வேலை. காலையில் மாப்பிள்ளை பெண்ணைச் சுற்றி ரோஜா வைப்பேன். மதியம் வேறொருவருடைய படத்தைச் சுற்றிக் கறுப்புக் கட்டம் போடுவேன். ரோஜாவும் கட்டமும் நன்றாகத்தான் இருக்கும். எதிலும் என் பெயர் இருக்காது. அடியில் அச்சகத்தின் பெயர் மட்டும் இருக்கும்.

இதைச் சொல்லும்போது எங்கள் வீட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பா தோவாளைப் பூச்சந்தையில் கூடை சுமக்கிறவர். அம்மா விடியும் முன்னே சந்தையில் உதிரிப்பூ வாங்கி, வீட்டில் கட்டி, வடசேரியில் கொண்டுவந்து விற்பவள். இருவருக்கும் எழுதத் தெரியாது. நான் கல்லூரியில் கணினிப் பட்டம் வாங்கினேன். அதில் எனக்குக் கர்வம் உண்டு. அதை மறைத்துக்கொள்ள வேண்டிய காரணம் எதையும் இன்றுவரை நான் கண்டதில்லை. பெயர் எழுதக் கற்றுக்கொண்டவளுக்கு, தான் செய்த பொருளில் அதை எழுதிப் பார்க்க ஆசை இருக்காதா?

ஒருநாள் அழைப்பிதழுக்கு இலவசமாக ஓர் ஓரச்சித்திரம் தேடி இணையத்தில் அலைந்தபோது அந்தக் குழுவைக் கண்டுபிடித்தேன். பல நாட்டுப் பெண்கள். நாட்குறிப்பு எழுதுகிறவர்கள் எழுதுவதைப்போல இவர்கள் கணினியில் பக்கம் செய்தார்கள். பழைய பஸ் டிக்கெட், கிழிந்த தாள், சேலைத்துண்டு, இலை என்று எதையாவது ஸ்கேன் செய்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, நடுவில் அன்றைய மனநிலையை இரண்டு வரி எழுதுவார்கள். டிஜிட்டல் ஆர்ட் ஜர்னல் என்று பெயர். அந்தக் குழுவில் அப்போது ஒரு சவால் தொடங்கியிருந்தது. வாரம் ஒரு சொல் தருவார்கள். அந்தச் சொல்லுக்கு ஒரு பக்கம் செய்து பதிவேற்ற வேண்டும். ஒரு வாரமும் தவறாமல் செய்தவர்களுடைய பக்கங்களைக் கடைசியில் ஒரு தொகுப்பாக வெளியிடுவார்கள், ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் செய்தவர் பெயரோடு. ஒரு வாரம் விட்டால் தொகுப்பில் இடம் இல்லை.

பெயரோடு என்ற இடத்தைப் படித்ததுமே நான் சேர்ந்துவிட்டேன்.

வீட்டில் கணினி கிடையாது. அச்சகக் கடைக்காரரை நான் அண்ணன் என்று கூப்பிடுவேன். அவரிடம் கேட்டேன்.

"சாப்பாட்டு நேரத்துல நீ என்னத்த வேணும்னாலும் செய்யி," என்றார். "ஆனா கலர் பிரிண்டர் பக்கம் போவப்பிடாது. அது எனக்க உயிராக்கும்."

அப்படியே ஆயிற்று. ஒரு கையில் புளிசாதம், ஒரு கையில் மவுஸ். வாசல், தூக்கம், பயணம் என்று சொற்கள் வந்தன. நான் பக்கங்களைச் சுத்தமாகச் செய்தேன். இலவசமாகக் கிடைத்த படங்களை இறக்கிக்கொண்டேன்: பனி மூடிய மரம், ஆவி பறக்கும் காப்பிக் கோப்பை, மஞ்சள் நிறத்தில் உதிரும் ஏதோ இலை. நிழல் எங்கே விழ வேண்டும், எழுத்து எங்கே நிற்க வேண்டும் என்பதெல்லாம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. பாராட்டும் வந்தது.

தூக்கம் என்ற சொல்லுக்கு நான் செய்த பக்கத்தின் கீழே, சவாலை நடத்திய பெண்மணி ஒரு கேள்வி கேட்டிருந்தார். அவர் எங்கோ குளிர் நாட்டில் இருந்தார். 'அழகாக இருக்கிறது. உங்கள் ஊரில் பனி பெய்யுமா?'

கிண்டல் அல்ல. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டிருக்கிறார். அதுதான் சுட்டது. நான் பதில் எழுதாமல் பக்கத்தை மூடிவிட்டு, ஆரல்வாய்மொழிக்காரர் ஒருவருடைய புதுமனை புகுவிழா அழைப்பிதழுக்குத் திரும்பினேன். பனி. எங்கள் ஊரில் மார்கழியில்கூட விடிகாலையில் தலைக்கு ஒரு துண்டு போதும்.

கடைசி வாரத்துக்கு வந்த சொல் 'காலை'. கூடவே ஒரு நிபந்தனை: இந்த வாரம் இறக்கிய படம் எதுவும் கூடாது. பக்கத்தில் இருக்கும் ஒவ்வொன்றும் உங்கள் வீட்டிலிருந்து வர வேண்டும்.

எங்கள் வீட்டுக் காலை என்றால் பூதான். வேறென்ன இருக்கிறது? ஆனால் எனக்கு ஒரு தயக்கம். வெட்கம் என்று நினைக்க வேண்டாம். அம்மா பூக்கட்டிப் படிக்கவைத்த பெண் நான் என்று கல்லூரி முழுக்க நானே சொல்லித் திரிந்திருக்கிறேன். அந்தக் குழுவில் ஒரு பெண் தன் ஓட்டு வீட்டைப் படமாகப் போட்டபோது, வந்த பதில்கள் எல்லாம் அவளைத் தேற்றுவதாக இருந்தன. அந்தப் பக்கத்தில் அவள் போட்டிருந்த அருமையான நீல நிறத்தைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. என் பக்கத்துக்கு யாராவது பரிதாபப்பட்டால் என்னால் தாங்க முடியாது.

இருந்தாலும் வேறு வழியில்லை. அன்று மாலை அம்மா தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்து நார் கிழித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, நாளைக்கு எனக்கு ஒரு முழம் பிச்சி வேணும். கடைக்கு."

"உனக்க கடையில சாமி படம் இருக்கா?"

"சாமிக்கு இல்ல. ஸ்கேனருக்கு."

"அது எந்தச் சாமி?"

அப்பா சிரித்தார். நான் விளக்கிச் சொன்னேன். பூவைக் கண்ணாடிமேல் வைத்தால் கணினி அதைப் படமெடுக்கும், படம் பல நாட்டுக்காரர்களும் பார்க்கிற இடத்துக்குப் போகும். அம்மா நாரைப் பல்லில் கடித்தபடி யோசித்தாள்.

"நீ பையில கொண்டு போனா நசுங்கிப்போவும். மத்தியானம் வடசேரிக்கு வருவேம்லா, நானே கொண்டாரேன்."

அது கடுமையான மின்வெட்டுக் காலம். ஆரல்வாய்மொழிக் கணவாயில் மின்சாரம் எடுக்கும் காற்றாடிகள் வரிசையாகச் சுற்றுவதைப் பேருந்தில் போகிறவர்கள் எல்லோரும் பார்ப்பார்கள். பக்கத்திலேயே எங்கள் கடையில் விசிறி நின்றுபோயிருக்கும். அந்த வாரம் மதியம் இரண்டு மணிக்குப் போகிற மின்சாரம் மாலையில்தான் வரும் என்று சொல்லியிருந்தார்கள். அம்மா பூ கொண்டுவருவதாகச் சொன்ன நாள்தான் பக்கத்தை அனுப்ப வேண்டிய கடைசி நாளும். இரண்டுக்குள் ஸ்கேன் எடுத்துவிட்டால், மாலை மின்சாரம் வந்ததும் பக்கத்தைச் செய்து, கடை சாத்துவதற்குள் அனுப்பிவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

அம்மா வந்தபோது இரண்டு ஆகச் சில நிமிடங்களே இருந்தன. வழியில் யாரோ பூ கேட்டு நிறுத்தியிருக்கிறார்கள். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, பூக்கூடையை இடுப்பில் வைத்தபடி உள்ளே எட்டிப் பார்த்தாள். நான் வேலை பார்க்கும் இடத்துக்கு அவள் வந்தது அதுவே முதல் முறை.

"இதுல போட்டோ எடுக்குத கண்ணு எங்க இருக்கு?"

"கண்ணாடிக்கு அடியில. கீழ இருந்து பாக்கும்."

"கீழ இருந்தா? அப்போ பூவை கவுத்துல்லா வைக்கணும்."

ஸ்கேனரின் மூடியைத் திறந்து வைத்தேன். மூடினால் பூ நசுங்கும். திறந்தே எடுத்தால் விளக்கு வெளிச்சம் உள்ளே புகும். அதற்காக அண்ணனுடைய கறுப்புக் குடையை வாங்கி விரித்து மேலே பிடித்துக்கொண்டேன். அப்படிச் செய்தால் பின்புறம் இருட்டாக வரும். அம்மா கூடையில் ஈரத்துணிக்குள் இருந்து ஒரு முழத்தை எடுத்தாள். கட்டி முடித்திருக்கவில்லை. கடைசி முடிச்சைப் பேருந்தில் போட விட்டுப்போயிற்று என்று சொல்லிக்கொண்டே அதைக் கண்ணாடிமேல் வளைத்து வைத்தாள்.

வைத்த கையோடு, கூடையில் இருந்த டப்பாவில் விரலை முக்கி, பூவின்மேல் தண்ணீரைத் தெளித்துவிட்டாள்.

அண்ணன் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். "யம்மோ, என்ன செய்யுதிய? அது மெஷினாக்கும்."

அம்மாவுக்குப் புரியவில்லை. "பூவை தண்ணி தெளிக்காம கீழ வைப்பாவளா தம்பி? வாடிப்போவும்லா."

"ரெண்டு நிமிசத்துலயா வாடும்?"

"உங்க கடையில ஃபேன் ஓடுதுல்லா."

அவளைக் குறை சொல்ல முடியாது. எங்கள் வீட்டில் பூவைத் தரையில் வைத்தாலும் தட்டில் வைத்தாலும் அடுத்த நொடி கை தண்ணீருக்குப் போகும். அது அவள் யோசித்துச் செய்வதல்ல. சந்தையில் யாருடைய கையும் அப்படித்தான். ஆனால் எனக்கு அப்போது அழுகையே வந்துவிட்டது. கண்ணாடியெல்லாம் பொட்டுப் பொட்டாகத் தண்ணீர். துடைக்கலாமா, இருப்பதை எடுக்கலாமா? அண்ணன் கடிகாரத்தைக் காட்டினார். நான் பொத்தானை அழுத்தினேன்.

வெள்ளை வெளிச்சம் கண்ணாடிக்கு அடியில் பைய நகர்ந்தது. அவிழ்ந்துவிடாமல் இருக்க அம்மா பூவின் நுனியைப் பெருவிரலால் அழுத்திப் பிடித்திருந்தாள். வெளிச்சம் விரலுக்கு அடியில் போனதும், "சுடல்ல, பாத்தியா," என்றாள், ஏமாந்தவள்போல.

திரையில் படம் வந்தது. இருட்டில் பூச்சரம். அதைச் சுற்றித் தண்ணீர்த் திட்டுகள். மூலையில் பெரிதாக ஒரு பெருவிரல்.

"போச்சு. திரும்ப எடுக்கணும்," என்றேன். "இந்த வெரலை வெட்டிரலாம், ஆனா இந்தத் தண்ணி..."

"வெரலை எதுக்கு வெட்டுத? வெட்டினா பூவு அவுந்து போவும்ட்டி. முடிச்சு போடல்லன்னு சொன்னேம்லா."

அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். நான் சிரிக்கவில்லை. பஞ்சு எடுத்துக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது மின்சாரம் போயிற்று. யூபிஎஸ் கத்தத் தொடங்கியது. எடுத்த ஒரே படத்தைச் சேமித்துவிட்டுக் கணினியை அணைத்தேன். அம்மா கடைசி முடிச்சைப் போட்டாள், மறுபடி தண்ணீர் தெளித்தாள், முழத்தைக் கூடையில் வைத்துக்கொண்டு விற்கப் போய்விட்டாள். அந்த முழத்தைத் தக்கலைக்குப் போகும் ஒரு டீச்சர் வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறியதாக அன்று வீட்டில் சொன்னாள்.

மின்சாரம் வரும்வரை செய்வதற்கு ஒன்றுமில்லை. வீணாய்ப்போன அழைப்பிதழ் ஒன்றின் பின்பக்கத்தில், பக்கத்துக்கான வரிகளைப் பேனாவால் எழுதிப் பார்த்தேன். அதுவரை எல்லா வாரமும் ஆங்கிலத்தில்தான் எழுதியிருந்தேன். அன்று வந்தது தமிழில். 'எங்கள் வீட்டில் சூரியனுக்கு முன்னால் பூ வந்துவிடும். அம்மா கட்டக் கட்ட வெளிச்சம் வரும்.' அவ்வளவுதான். அடித்துத் திருத்த எதுவும் இருக்கவில்லை.

மின்சாரம் வந்தபோது அண்ணன் ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தார். "சட்டுபுட்டுன்னு முடி," என்றார்.

படத்தைப் பெரிதாக்கினேன். ஒவ்வொரு துளிக்குள்ளும் ஸ்கேனரின் விளக்கு ஒரு வெள்ளைக் கோடாக நின்றுகொண்டிருந்தது. இருட்டில் நூறு சின்ன விளக்குகள் ஏற்றியதுபோல. துளி விழுந்த இடத்தில் பிச்சி மொட்டின் காம்பு இளஞ்சிவப்பாகப் பெருத்துத் தெரிந்தது. இந்த ஈரத்தைச் செய்ய வேண்டும் என்று நான் ஒரு வாரம் உட்கார்ந்திருந்தாலும் வந்திருக்காது. விரலை மட்டும் வெட்டலாம் என்று கோட்டை இழுத்தேன். வெட்டினேன். சரத்தின் நுனி வாய் பிளந்தாற்போல நின்றது. அம்மா சொன்னது சரியாகத்தான் இருந்தது, பூவு அவிழ்ந்து போயிற்று. திரும்பக் கொண்டுவந்தேன். நார் அறுத்த கோடுகளும், நகக்கண்ணில் பச்சைக் கறையுமாக அந்த விரல் தன் இடத்தில் வந்து உட்கார்ந்தது. பரிதாபப்படுகிறவர்கள் படட்டும் என்று தோன்றியது. கையால் எழுதிய வரிகளையும் ஸ்கேன் செய்து பூவுக்குக் கீழே வைத்தேன். வேறெதையும் சேர்க்கவில்லை. பதிவேற்றம் முடிந்தபோது வழக்கமான பேருந்து போயிருந்தது. அடுத்ததில் போனேன்.

மறுநாள் பார்த்தால் யாரும் பரிதாபப்படவில்லை. அந்த முடிச்சை எப்படிப் போடுவது என்று ஒரு பெண் கேட்டிருந்தாள். அந்த எழுத்து எந்த மொழி என்று ஒருத்தி. தண்ணீர்த் துளிகளுக்குக் கணினியில் என்ன பிரஷ் பயன்படுத்தினீர்கள், எங்கே கிடைக்கும் என்று மூன்று நான்கு பேர். பிரஷ் கேட்டவர்களுக்கெல்லாம் நான் ஒரே பதில் எழுதினேன்: 'என் அம்மாவின் கை.' பிறகு பழைய பக்கத்துக்குப் போய், குளிர்நாட்டுப் பெண்மணியின் கேள்விக்கும் பதில் எழுதினேன். 'இல்லை, பனி பெய்யாது. காற்று உண்டு.'

தொகுப்பு வந்தபோது என் பக்கத்தைப் பார்த்த அண்ணன், கேட்காமலே தன் கலர் பிரிண்டரில் கெட்டியான தாளில் ஒன்று எடுத்துத் தந்தார். வீட்டுக்குக் கொண்டு போனேன். அம்மா கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள். விரலைப் பார்த்தாள், பூவைப் பார்த்தாள்.

"இதுல உனக்க பேரு எங்க இருக்கு?"

அடியில் காட்டினேன். அவள் கண்ணருகே கொண்டுபோனாள்.

"இத்தனோண்டா? கல்யாணக் கார்டுல சித்தப்பன் பெரியப்பன் பேரெல்லாம் எவ்வளவு பெருசா போடுதிய."

"அதுல எனக்க பேரே கெடையாதும்மா."

"ஏன்? நீதானே செய்யுத?"

மறுநாள் ஓர் அழைப்பிதழை முடித்தபோது, அச்சகத்தின் பெயருக்குக் கீழே 'வடிவமைப்பு' என்று அடித்து, என் பெயரை எழுதி, அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

"பேரு போட்டா, தப்பு வந்தா உன்னையத்தான் வந்து புடிப்பாவ. தெரியும்லா?"

"புடிக்கட்டும்," என்றேன்.