நளீமின் இருபத்துமூன்று நிமிடம்

குறிஞ்சிப்பிட்டியில் நளீமின் வெங்காயத் தோட்டத்துக்குத் தண்ணீர் அளப்பது மணிக்கூடு அல்ல, ஒரு பாட்டு. மோட்டரைப் போடும்போதே போனில் அதையும் போடுவார். இருபத்துமூன்று நிமிடம் கழித்துப் பாட்டு முடிந்தால் அந்தப் பாத்திக்குத் தண்ணீர் போதும். மோட்டரை நிறுத்திவிட்டு, தண்ணீர் தெளிக்கும் குழாயை அடுத்த பாத்திக்கு மாற்றவேண்டியதுதான்.

பதினொரு வருடத்துக்கு முன், பட்டத்தைப் பிடித்துக்கொண்டு கடலில் சறுக்க வந்த ஒரு வெள்ளைக்காரரின் வாகனம் மணலில் புதைந்துபோனது. நளீம்தான் இழுத்துவிட்டார். நன்றிக்கு அந்த மனுசர் ஓர் இசைத்தொகுப்பை நளீமின் போனில் ஏற்றிக் கொடுத்தார். ‘புரோகிரசிவ் ரொக்’ வகை இசை என்றார். ஐம்பது வருடப் பழசாம். வெளிவந்த நாட்டிலேயே யாரும் சீண்டவில்லையாம். அதன் கடைசிப் பாட்டுத்தான் இது. அதற்குப் பிறகு நளீமுக்கு மூன்று போன் மாறிவிட்டது, பாட்டு மாறவில்லை.

அதில் ஒரு சொல்லும் அவருக்கு விளங்காது. ஆனால் தாளம் ஏழு அடி போய், எட்டாவதை எதிர்பார்ப்பவரின் காலை வாரிவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கும்போதெல்லாம் அவருக்குப் புல்லரிக்கும். பன்னிரண்டாவது நிமிடத்தில் எல்லாம் ஓய்ந்துவிடும். முடிந்தது என்று நினைக்கும்போது கிற்றாரும் ஓர்கனும் ஒன்றாக எழும்பி வரும். இத்தனை பெரிய ஒன்றைத் தான் மட்டும் கேட்டுக்கொண்டிருப்பது நெஞ்சில் பாரமாகவே இருந்தது. இன்னும் ஒரே ஒருவர் முழுதாகக் கேட்டால் போதும். தேத்தண்ணிக் கடையில் போட்டுப் பார்த்தார். “போன் பழுதாப் போச்சா?” என்று கேட்டார்கள். மனைவி றைஸாவோ, அந்த இரைச்சல் வாசல்படி தாண்டி உள்ளே வரக்கூடாது என்று சட்டமே போட்டிருந்தார்.

போன மாதம் நளீமுக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. எழும்ப முடியவில்லை. றைஸாதான் போனையும் எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனார்.

“பாட்டு முடிஞ்ச உடன மோட்டர நிப்பாட்டு” என்று மட்டும் நளீம் சொல்லி அனுப்பினார்.

பகல் லுஹர் தொழுகைக்கு முன்னே வரவேண்டியவர், பின்னேரம் அஸர் பாங்கு சொன்ன பிறகுதான் வந்தார்.

“ஏசாதீங்க. பாத்தி பாதிதான் நனஞ்சிருக்கு. பாட்டு நடுவுல அடங்கிட்டு, முடிஞ்சிட்டெண்டு மோட்டர நிப்பாட்டிட்டேன்.”

“அது முடியல்ல புள்ள. கொஞ்ச நேரம் சும்மா கிடந்திட்டுத் திரும்ப வரும்.”

“எங்க சும்மா கிடந்தது? அந்தப் பொம்பிள பாடினாளே.”

நளீம் சிரித்தார். பதினொரு வருடமாகக் கேட்கிற அவருக்குத் தெரியாத பொம்பிளையா? அதில் பாடுவதெல்லாம் ஆம்பிளைகள்.

“சிரிக்காதீங்க. பிள்ளைய நித்திரையாக்குற மாதிரி, வாய்க்குள்ளயே பாடுறா. ஏழெட்டுத் தரம் கேட்டேன், அதான் சுணங்கிட்டு.”

சட்டம் போட்டவரே ஃபேனை நிறுத்தி, ஜன்னலைச் சாத்தி, போனை அவர் தலையணையில் வைத்தார். பன்னிரண்டாவது நிமிடம் வந்தது. எல்லாம் ஓய்ந்தது. அடியிலிருந்து, மூச்சோடு மூச்சாக, ஒரு பெண்குரல் வந்தது.

“சுப்ஹானல்லாஹ்” என்றார் நளீம். கண் நிறைந்துவிட்டது. இத்தனை வருடமும் மோட்டர் இரைச்சலுக்குள் இருந்தே கேட்டிருக்கிறார். அவள் ஒவ்வொரு நாளும் பாடிக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். கிற்றாரும் ஓர்கனும் எழும்பியபோது தாங்காமல் ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

றைஸா அவர் கையை அமத்திப் பிடித்தார்.

“கதைக்காதீங்க. இனித்தான் பெரிய இடம் வருது.”