அடுப்படிச் சுவரின் கீழ்த்துளை

இந்த மாதம் பதினான்காம் தேதி, சனிக்கிழமை. ஐந்தே காலுக்கு எழுந்தேன். பால் வாங்கினேன், மாடித் தொட்டியில் தண்ணீர் அளவு பார்த்தேன், டைரியில் தேதி போட்டேன். எட்டரைக்குக் கொத்தனார் வந்தார்.

கள்ளிக்குப்பத்தில் அப்பா கட்டிய வீடு இது. அடுப்படியில் தரையை ஒட்டி, செங்கல் அளவில் ஒரு காற்றுத் துளை. இரு பக்கமும் இரும்பு வலை. துரு உதிர்கிறது, மாற்று என்று அக்கா மூன்று வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். வலையில் ஒரு திருகாணி தளர்ந்தாலே தூங்காதவன் நான். இதை மட்டும் தள்ளிப்போட்டேன்.

உளி உள்ளே இறங்கியது. சிமெண்ட் தூசி. அதன் பின்னால், மக்கிய சாக்கின் வாசனை.

அந்த வாசனை ஒரு நவம்பர் மாதத்துடையது. எனக்கு இருபத்து மூன்று வயது, புதிதாக வேலை. ஏரி நிரம்பித் தெருத் தண்ணீர் இந்தத் துளை வழியாகத்தான் அடுப்படிக்குள் வந்தது. அப்பா தொழிற்சாலையில் இருந்தார். அவர் அடிக்கடி சொல்வது எனக்கும் தெரியும்: "கேஸ் கீழதாண்டா எறங்கும். அதுக்கு வழி உட்டு வச்சிருக்கேன்." இருந்தாலும் உள்வலையைக் கழற்றி, சாக்கைத் திணித்து, சிமெண்ட் பூசி, வலையைத் திரும்ப மாட்டினேன். என் வேலை எப்போதும் சுத்தம். அடைத்ததே தெரியாது. டைரியின் கடைசிப் பக்கத்தில், "மழை விட்டதும் துளையைத் திறக்க வேண்டும்" என்று எழுதி அடிக்கோடும் இட்டேன்.

ஜனவரியில் புது டைரி வந்தது. பிறந்தநாள்களையெல்லாம் அதில் ஏற்றினேன், செருப்பு வாங்கிய தேதியைக்கூட. அந்த ஒரு வரியை ஏற்றவில்லை.

பிப்ரவரியில் ஒரு காலை, அம்மா பால் காய்ச்சப் போனாள். ஜலதோஷம், கேஸ் வாசனை தெரியவில்லை. தீக்குச்சியைக் கிழித்ததும் அடுப்படி முழுக்கத் தீ. எட்டாம் நாள் ஆஸ்பத்திரியில் போய்விட்டாள்.

முந்தின மாலை சிலிண்டர் மாற்றியது அக்கா. "ஒழுங்கா மாட்டலியோ என்னமோ" என்று யாரோ சொன்னார்கள். அது போதுமாயிருந்தது. அக்கா அதற்குப் பிறகு கேஸ் அடுப்பைத் தொடவில்லை; எங்களுக்கு மின்அடுப்புதான். தண்ணீர்க் குழாயை மூடினாலும் மூன்று முறை திருகிப் பார்ப்பாள். முன்பெல்லாம் சமைக்கும்போது பாடுவாள்.

கேஸ் எதனால் கசிந்தது என்று இன்றுவரை தெரியாது. அது வெளியே போகும் வழியை அடைத்தவன் யார் என்று எனக்குத் தெரியும். அப்பா சாகும்வரை அவரிடம்கூடச் சொல்லவில்லை.

கொத்தனார் சாக்கை இழுத்துப் போட்டார். "இன்னா சார் இது! காத்து போவ ஓட்ட உட்டுட்டு, உள்ள கோணியத் திணிச்சி பூசிக்கீறாங்க! எந்த மகராசன் வேல?"

அக்கா எட்டிப் பார்த்தாள். "இது எப்படா அடைச்சது?"

"பழைய வேலைக்கா" என்றேன்.

அவள் குனிந்து சாக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு போய்க் குழாயைத் திருகினாள். மூன்று முறை. மதியத்துக்குள் புது ஸ்டீல் வலை ஏறிவிட்டது. தரையோடு காற்று வந்தது, இருபத்தெட்டு வருடம் கழித்து.

மறுநாள் காலை பால் வாங்கவில்லை, தொட்டியைப் பார்க்கவில்லை. முதல் வேலையாகப் பரணிலிருந்து அந்த வருட டைரியை இறக்கி, கடைசிப் பக்கத்தைப் பிரித்து அக்காவின் முன்னால் வைத்தேன்.

"கண்ணாடி உள்ள இருக்குடா. நீயே படி."

படித்தேன்.