கார்டு வண்டி கணக்கில் சேருமா?

போன செவ்வாய்க்கிழமை காலை தண்டையார்பேட்டை ரயில்வே கேட் மூடியிருந்தது. அது எப்போது திறந்திருந்தது என்கிறீர்களா? நியாயம்தான். ஆனால் அன்றைக்கு அங்கே நடந்ததை உங்களிடம் சொல்லாமல் இருக்க மனசு கேட்கவில்லை.

முதலில் என் தோஸ்து காதரைப் பற்றி. துறைமுகத்தில் நான் குமாஸ்தா. அவன் கிரேன் டிரைவர். தினமும் ஒரே நேரத்துக்கு சைக்கிளில் வந்து அந்தக் கேட்டில் மாட்டிக்கொள்வோம். கூட்ஸ் வண்டி ஊர்ந்து போகும். சும்மா நிற்பானேன்? "மாமு, வேகன் ஒத்தையா ரெட்டையா?" என்று ஒரு நாள் காதர் கேட்டான். பந்தயம் ஒரு டீ. ரெட்டை என்றேன், ஜெயித்தேன். ஜெயித்த டீக்கு என்ன ருசி தெரியுமா!

ஒரு வருஷம் இப்படியே ஓடியது. யாருக்கு என்ன நஷ்டம்? ஆனால் மனுஷ மனசு வேடிக்கையானது. டீ போதாமல் பிரியாணி ஆயிற்று. பிரியாணியும் போதாமல் ஒரு நாள் கூலியே ஆயிற்று. கேட்மேனிடம் பீடியை நீட்டி, "இன்னிக்கி இன்னா வண்டி நைனா, கரியா எண்ணெயா?" என்று காதர் துப்பு விசாரிப்பான். கேட் திறந்திருந்தால் அவன் முகம் வாடிவிடும். வழி திறந்திருக்கிறதே என்று வருத்தப்படுகிற மனுஷனை நீங்கள் எங்காவது பார்த்ததுண்டா?

ஒரு ஞாயிற்றுக்கிழமை, லீவு நாளில், அவன் கேட்டில் நின்றுகொண்டிருந்தான். வீட்டில் டூட்டி என்று சொல்லிவிட்டு வந்தானாம். அதை நான் எப்படிப் பார்த்தேன்...? எனக்கும் அன்றைக்கு லீவுதான்!

பந்தயமே கூடாது என்று சொல்ல வரவில்லை. டீயோடு எழுந்து போகத் தெரிந்தவனுக்கு அது விளையாட்டு. ஆனால் எல்லை எங்கே இருக்கிறது? பை காலியாகும் இடத்தில் என்றுதான் நான் நினைத்திருந்தேன். இல்லை. அதற்கு வெகு முன்னாலேயே, வீட்டில் முதல் பொய் சொல்லும் இடத்திலேயே, அதைத் தாண்டிவிட்டிருக்கிறோம்.

செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். காதரின் இரண்டு வயது மகளுக்கு ஜுரம் ஏறி வலிப்பு கண்டிருந்தது. அவன் மனைவி ஆயிஷா குழந்தையை மடியில் கிடத்திக்கொண்டு கை ரிக்‌ஷாவில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் காதர் ஓடி வந்தான். ஆஸ்பத்திரிக்கு அதுதான் வழி – கேட்டை மூடிவிட்டார்கள். நான் சைக்கிளை ஓரம் கட்டி, "பயப்படாதேம்மா" என்றேன். நிஜமாகவே பதறிப்போய்த்தான் நின்றேன்.

எஞ்சின் வந்தது. காதர் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். யார் முதலில் வாயைத் திறந்தது என்று சத்தியமாக ஞாபகமில்லை.

"ஒத்தை."

"ரெட்டை."

வண்டி போய் முடிந்ததும் அவன் நாற்பத்து மூன்று என்றான். கடைசியில் கார்டு ஏறி வரும் பெட்டியையும் சேர்த்து நான் நாற்பத்து நான்கு என்றேன்.

"கார்டு வண்டிய எப்டி மாமு சேப்பே? அது வேகனா?"

"பின்னே இன்னா, மாட்டு வண்டியா?"

"டபாய்க்காதே! நேத்து சேக்கலியே, இன்னிக்கி மட்டும் இன்னாத்துக்கு சேக்குறே?"

குரல் ஏறியது. கூட்டம் இரண்டு கட்சியாகப் பிரிந்து தீர்ப்பு சொல்ல ஆரம்பித்தது. காதர் ஏதோ நினைவு வந்தவன் போலத் திரும்பினான். கேட் திறந்து கிடந்தது. ரிக்‌ஷாவைக் காணோம்.

அவனைப் பின்னால் ஏற்றிக்கொண்டு மிதித்தேன். ஆஸ்பத்திரி வாசலில் சைக்கிளைப் போட்டுவிட்டு இருவரும் உள்ளே ஓடினோம்.

குழந்தை பிழைத்துக்கொண்டது – பயப்படாதீர்கள். ஊசி போட்டு, நெற்றியில் ஈரத்துணியோடு தூங்கிக்கொண்டிருந்தாள். ஆயிஷா கத்தித் தீர்ப்பாள் என்று தலையைக் குனிந்துகொண்டு நின்றோம். அவள் கத்தவில்லை.

"கேட்டாண்ட கொயந்தைக்கு எத்தினி வாட்டி வலிப்பு இஸ்துச்சினு டாக்டர் கேட்டாரு" என்றாள். "எனுக்குப் பயத்துல ஒண்ணுமே புரில. நீங்க ரெண்டு பேரும் எண்ணிகினுதானே இருந்தீங்கோ... சொல்லுங்க."

எங்கள் இருவருக்கும் வேகன் கணக்கு மட்டும்தான் தெரிந்திருந்தது.