சாம்பிராணிப் புகை போன வழி

நனைந்த வைக்கோல் வாசனை மூக்கில் பட்டாலே இன்றைக்கும் எனக்குக் கழுத்து கசகசக்கிறது. அக்கா பிரசவத்துக்கு வந்திருந்த கோடையில், அயனம்பாக்கம் ஏரியை ஒட்டிய எங்கள் வீட்டில் அந்த வாசனைதான் நிறைந்திருந்தது. அண்ணனூர் ரயில் பணிமனையில் வேலை பார்த்த அப்பா, பேரனுக்கென்று ஒரு "கூலர்" வாங்கி வந்திருந்தார். தண்ணீர் ஊற்றினால் அதன் பக்கங்களில் இருந்த வைக்கோல் தட்டிகள் நனைந்து, அந்த ஈரத்தின் வழியே விசிறி காற்றை இழுத்துத் தள்ளும். அப்பாவை நாங்கள் "நைனா" என்போம். எதையும் அரைகுறையாகச் செய்ய அவருக்கு வராது, வினையே அதுதான்.

"ஜன்னல தொறந்து வெச்சா கூலிங்லாம் தெருவுக்குப் பூடும்" என்று சொல்லி, அறையின் எல்லா ஜன்னலையும் சாத்தி, இடுக்குகளில் செய்தித்தாளைக் கிழித்துப் பசை போட்டு ஒட்டினார். கொஞ்ச நேரம் சுகமாகத்தான் இருந்தது. பிறகு தலையணை பிசுபிசுத்தது, காலண்டர் சுருண்டது, தூளியில் கிடந்த குழந்தையின் கழுத்தெல்லாம் வேர்க்குரு பொரிந்து, அது தூங்காமல் கத்தித் தீர்த்தது. தண்ணீர் போதவில்லை போலிருக்கிறது என்று நைனா இன்னொரு குடம் ஊற்றினார். குளிர்விக்கிற பெட்டி எப்படிப் புழுங்க வைக்கும் என்று நான் அதையே சுற்றிச் சுற்றி வந்தேன்.

குழந்தை பிறந்த ஐந்தாம் மாதத்தில்தான் பெண்ணைப் புகுந்த வீட்டில் கொண்டுபோய் விடுவது எங்கள் வழக்கம். ஆனால் நூம்பலிலிருந்து பேரனைப் பார்க்க வந்த அக்காவின் மாமியார், அவன் முதுகைப் பார்த்துவிட்டு, "இன்னாமா இது, புள்ள ஒடம்பு பூரா பொரிஞ்சி கீது? ஞாயித்துக்கெழம வரேன். ஆறலன்னா ரெண்டு பேரையும் இட்டுகினு பூடுவேன்" என்று சொல்லிப் போனார். அக்கா அழுதாள். அக்கா இல்லாத வீட்டை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

மறுநாள் சாயங்காலம் குழந்தையைக் குளிப்பாட்டி, அம்மா வழக்கம்போல் தூபக்காலில் சாம்பிராணி போட்டாள். அடைத்த அறையில் புகை அப்படியே நின்று எல்லோருக்கும் இருமல் வந்தது. "இது ஊடா, சோறு வேவுற குண்டானா?" என்று கத்தியபடி அம்மா ஒட்டியிருந்த காகிதத்தைப் பிய்த்து, ஏரிப் பக்க ஜன்னலைத் திறந்தாள்.

அதுவரை நின்ற புகை சட்டென்று சாய்ந்தது. ஜன்னலிலிருந்து கிளம்பி, அறையைக் குறுக்கே கடந்து, எதிர் வாசல் வழியாக ஓடியது. நான் அதன் பின்னாலேயே ஓடினேன். அது போன வழியில் நின்றால் வியர்வை காய்ந்தது, ஓர் அடி விலகினால் மறுபடி புழுக்கம். தூளியோ புகையே எட்டாத மூலையில் தொங்கியது.

"நைனா, தூளியாண்ட காத்தே வரல!" என்றேன்.

அவர் முறைத்தார். பிறகு, "இன்னும் கொஞ்சம் சாம்பிராணி போடு" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, ஒவ்வொரு கதவாகத் திறந்தும் சாத்தியும் புகை எந்தப் பக்கம் திரும்புகிறதென்று பார்க்க ஆரம்பித்துவிட்டார். இருட்டுவதற்குள் தூளி காற்றின் வழிக்கு வந்தது. கூலர் தண்ணீர் முருங்கைக்குப் போனது. அதன் விசிறி மட்டும் வாசலோரம் நின்று புழுக்கத்தை வெளியே தள்ளியது.

ஞாயிற்றுக்கிழமை வந்த மாமியார், வேர்க்குரு அமுங்கித் தூங்கிய பேரனைப் பார்த்தார். தூளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவர், பையை மடியில் வைத்தபடியே தானும் தூங்கிப்போனார். எழுந்ததும், "அஞ்சாம் மாசமே வரேன்" என்றார். அக்காவைக் கட்டிக்கொண்டு நான் குதித்தேன்.

ஏரி இன்றும் இருக்கிறது. எங்கள் ஜன்னலுக்கும் அதற்கும் நடுவே அடுக்குமாடிச் சுவர் நிற்கிறது. அறைக்கு அறை ஏசி ஓடுகிறது. அந்தக் குழந்தை போன மாதம் தன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தான். குளிப்பாட்டிய பின் ஏசியை நிறுத்திவிட்டு, நான் சாம்பிராணி போட்டேன்.

"எந்த ஜன்னலத் தொறக்கட்டும் சித்தி?" என்று கேட்டான்.

எல்லாவற்றையும் திறக்கச் சொன்னேன். திறந்தான். புகை எந்தப் பக்கமும் சாயாமல் நேரே கூரைக்குப் போனது.