பதினைந்தாவது ரப்பர் பேண்டு

லிஸ்ட் இப்படித்தான் வரும் என்று நான் அன்றைக்கே சொன்னேன். நம் ஸ்கூலின் எல்லாக் காலத்துக்குமான மூவாயிரம் மீட்டர் வீரர்கள் யார் என்று நேற்று குரூப்பில் ஓட்டுப் போட்டீர்களே... முதலிடம் டேனியல், இரண்டாமிடம் ஏழுமலை. பத்தாவது படிக்கும்போதே கணித்துவிட்டேன். சாட்சி வேண்டுமென்றால் நானே சாட்சி.

லிஸ்டைப் பார்த்ததும் மூக்கில் ஏறியது வெயிலில் காய்ந்த ரப்பர் வாசனை.

நம் கிரவுண்டு சின்னது. மூவாயிரம் மீட்டருக்குப் பதினைந்து ரவுண்டு. எண்ணிக்கை தப்பிவிடும் என்பதால், ஒவ்வொரு ரவுண்டு முடிவிலும் ஓடுகிறவன் கையில் ஒரு ரப்பர் பேண்டு கொடுப்போம். மணிக்கட்டில் மாட்டிக்கொண்டே ஓடுவான். பதினைந்து சேர்ந்தால் முடிந்தது. அதைக் கொடுக்கும் பொறுப்பை பி.டி. சார் என்னிடம்தான் ஒப்படைத்தார். கண் அவ்வளவு கூர்மை. என் கால் சுளுக்கு மட்டும் இல்லாவிட்டால் லிஸ்டே வேறு மாதிரி ஆகியிருக்கும், அது கிடக்கட்டும்.

ஏழுமலை முடிச்சூரிலிருந்து செருப்பில்லாமல் வரப்பு மேலேயே ஓடி வருவான். பஸ்ஸை முந்துவான். ஒருமுறை ரயிலையே முந்தினான்... கூட்ஸ்தான், ஆனாலும் ரயில். டேனியல் சேலையூர் டீச்சர் வீட்டுப் பையன். வெள்ளை கேன்வாஸ் ஷூ.

அந்த ஸ்போர்ட்ஸ் டேயில் ஜெயிப்பவன் ஒருவனுக்குத்தான் மாவட்டப் போட்டி. பதினைந்து ரவுண்டும் நான் கோட்டிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. டேனியலுக்கு அரை ரவுண்டு முன்னால் ஏழுமலை வந்து நின்றான். சார் அவன் மணிக்கட்டை எண்ணினார். பதினாலு.

"இன்னும் ஒரு ரவுண்டு கீதுடா, ஓடு!"

"முட்சிட்டேன் சார்! பதினஞ்சு சார்!"

"கைல இன்னா கீதோ அதான்டா கணக்கு."

ஏழுமலை என் பக்கம் திரும்பினான். "மச்சான், நீ சொல்டா."

"ஒவ்வொரு ரவுண்டுக்கும் குடுத்தேன் சார். இவன்தான் எண்ணிக்கைய வுட்டுட்டான்."

மறுபடி ஓடினான். அவன் பாதி சுற்றுவதற்குள் டேனியல் பதினைந்தாவது பேண்டை வாங்கிவிட்டான். மாவட்டத்துக்கும் அவன்தான் போனான்.

அந்த வரப்பெல்லாம் இப்போது பிளாட். அன்று ஏழுமலை ஓடி வந்த தூரத்துக்கு இன்று ஸ்கூட்டரில் போனாலும் அதே நேரம்தான் ஆகிறது. அவன் காட்டாங்குளத்தூரில் காலேஜ் பஸ் ஓட்டுகிறான். நேற்று லிஸ்டுக்குக் கீழே அவன் போட்ட மெசேஜைப் பார்த்திருப்பீர்கள். "டேனியல்தான் கரெக்ட். நான் ஒரு ரவுண்டு கம்மியா ஓடிட்டு ஜெயிச்சேன்னு நின்னவன்" என்று எழுதி, கூடவே ஒரு சிரிப்பு.

இத்தனை வருஷத்தில் அவனே நம்பிவிட்டான்.

அதனால் சொல்லிவிடுகிறேன். கோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை என்றேனே, அது நான் விட்ட கதை. ஒன்பதாவது ரவுண்டில் கேட்டுக்கு வெளியே சேமியா ஐஸ் வாங்கப் போயிருந்தேன். திரும்பி வரும்போது டேனியல் கோட்டைத் தாண்டிக்கொண்டிருந்தான், அவனுக்குக் கொடுத்தேன். ஏழுமலை அதற்கு முன்பே கையை நீட்டிப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறான்.

இப்போது பசங்க கையில் வாட்ச் கட்டிக்கொண்டு ஓடுகிறார்கள். ரவுண்டை அதுவே எண்ணுகிறது. அது ஐஸ் வாங்கப் போகாது.

லிஸ்டில் முதல் இரண்டு பேரை மாற்றிப் போடுங்கள்.

கூட்ஸ் ரயில் விஷயம் மட்டும் நிஜம்.